பொன்னாடை வேண்டாம், செவி தாருங்கள்

சில மாதங்களுக்கு முன்னர் ஹரோவில் ஒரு மண்டபத்தில் நடைபெற்ற நூல் வெளியீட்டு விழாவுக்கு நாம் சென்றிருந்தோம். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பமாகும் என அழைப்பிதழில் அச்சிடப்பட்டிருந்த விழா, எமது வழக்கப்படி ஆறரை மணிக்கு ஆரம்பமாகியது. மங்கல விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, நான்கு வாழ்த்துரைகள், வெளியீட்டுரை என்பன முறையே நடந்தேறின. முதற் பிரதியை வர்த்தகப் பிரமுகர் ஒருவர் பெற்றுக்கொண்டார். சிறப்புப் பிரதிகளுக்காகப் பெயர் அழைக்கப்பட்டோர் வரிசையாக மேடையேறிப் படம் எடுத்துக்கொண்டனர். பொன்னாடைகள் போர்த்தப்பட்டன. ஏற்புரைக்காக நூலாசிரியர் எழுந்தபோது மண்டபத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. அவர் நன்றி கூறி அமர்ந்தார். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நீடித்த அவ்விழாவில், அந்த நூலிலிருந்து ஒரு வரியேனும் எவராலும் வாசிக்கப்படவில்லை.

வீடு திரும்புகையில் 183ஆம் இலக்க பஸ்ஸில் இருந்தபடி அந்நூலைப் புரட்டினோம். மூன்றாவது கதை எம்மை நிமிர்ந்து உட்கார வைத்தது. நல்ல கதை. ஆனால் அதன் கடைசிப் பக்கம் தேவையற்றது. கதை முடிந்த பின்னரும் ஆசிரியர் தமது கருத்தை விளக்கிக்கொண்டேயிருந்தார். அச்சுக்குக் கொடுக்குமுன் ஐந்து பேர் முன்னிலையில் அக்கதையை ஒருமுறை வாசித்திருந்தால், அந்தக் கடைசிப் பக்கத்தில் கேட்போரின் கண்கள் தாழ்வதை அவரே கண்டிருப்பார். எவரும் எடுத்துச் சொல்ல வேண்டிய தேவைகூட இருந்திராது.

புலம்பெயர்ந்த எம்மவரிடம் மேடைகளுக்குப் பஞ்சமில்லை. அச்சிடுவதற்கும் பணம் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்: எழுதத் தொடங்கும் ஒருவர், நூல் என்று ஒன்று உருவாகுமுன், தாம் எழுதியதை உரத்து வாசித்து, பிறர் கேட்பதைத் தாமும் கேட்கக்கூடிய ஓரிடம். மாதம் ஒருமுறை, தவறாமல், ஹரோவில் அப்படியோர் வாசிப்பு அரங்கு நடைபெற வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வேண்டுகோள்.

இது மேல்நாட்டாரிடம் இரவல் வாங்கும் வழக்கமன்று. அரங்கேற்றம் என்ற சொல் இன்று இலண்டன்வாழ் எம்மவர் மத்தியில் பெரும்பாலும் ஒரே பொருளையே தருகின்றது. மகளின் நடனம், பெரிய மண்டபம், தமிழகத்திலிருந்து வரவழைக்கப்படும் பக்கவாத்தியக் கலைஞர், ஆயிரக்கணக்கான பவுண்கள். அதில் குறை காண்பது எமது நோக்கமன்று. ஆனால் அச்சொல்லுக்கு இன்னொரு பழைய பொருள் உண்டு. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாகப் பனம்பாரனாரின் சிறப்புப்பாயிரம் கூறுகின்றது. அதங்கோட்டாசான் வாழ்த்துரை வழங்க அழைக்கப்பட்டவர் அல்லர். குற்றம் இருப்பின் கண்டு சொல்லும் பொருட்டு அமர்ந்திருந்தவர். நூல் அவையிலே ஒலித்து, ஐயங்களுக்கு விடையிறுத்த பின்னரே உலகத்தார் கைக்குச் சென்றது. நாமோ அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் அச்சு, அடுத்து விழா, அதன் பின்னர் மௌனம்.

எமது ஊர்க் கோயில்களில் நடைபெற்ற கந்தபுராணப் படிப்பை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒருவர் பாடலை இராகத்துடன் வாசிப்பார். மற்றொருவர் பயன் சொல்வார். சுற்றியிருந்து கேட்போருள் கையெழுத்து வைக்கவும் அறியாத முதியவர் ஒருவர் இருப்பார். எனினும் வாசிப்பவர் ஒரு சீரைத் தவறவிட்டால், தூணோடு சாய்ந்திருக்கும் அந்த முதியவரின் தலை சட்டென நிமிரும். ஆண்டாண்டாகக் கேட்டுப் பழகிய செவி அது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் யாழ்ப்பாணத்துப் பண்பாட்டையே கந்தபுராண கலாசாரம் என்று குறிப்பிட்டார்கள்.

ஆனால் உண்மையை மறைத்துப் பழம்பெருமை பேசுவதில் பயனில்லை. அந்தப் படிப்பைக் கேட்க எல்லோருக்கும் உள்ளே இடம் இருக்கவில்லை. சாதியின் பெயரால் வெளிவீதியில் நிறுத்தப்பட்டவர்களும் எமது மக்களே. அவ்வாறு ஒதுக்கப்பட்ட சமூகமொன்றிலிருந்து வந்த டொமினிக் ஜீவா, யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த தமது சலூனையே எழுத்தாளர் கூடும் இடமாக்கினார். 1966 ஓகஸ்டில் அவர் ஆரம்பித்த ‘மல்லிகை’ நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வெளிவந்தது. எத்தனையோ பேருடைய முதற் கதையும் முதற் கவிதையும் அதில் அச்சேறின. தலைமுடி வெட்டக் காத்திருப்போருக்கு இடப்பட்ட வாங்கு ஓர் இலக்கிய அரங்குக்குப் போதுமாயிருந்தது. மண்டபம் இல்லை என்று கூறுவோர் இதனை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னர், 1943இல் யாழ்ப்பாணத்து இளைஞர் சிலர் மறுமலர்ச்சிச் சங்கத்தை அமைத்தனர். வரதரும் அ. செ. முருகானந்தனும் அவர்களுள் இருந்தனர். ‘மறுமலர்ச்சி’ என்னும் சஞ்சிகை அச்சில் வெளிவந்தது 1946இலேதான். ஈழத்துச் சிறுகதையின் வரலாற்றில் அச்சஞ்சிகைக்கு உள்ள இடத்தை அறியாதோர் இல்லை. அதற்கு முந்திய மூன்றாண்டுக் காலம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அவர்கள் முதலில் கூடினார்கள். பின்னரே அச்சிட்டார்கள்.

எமது சொந்த அனுபவம் ஒன்றையும் இங்கு கூற விரும்புகின்றோம். தொண்ணூறுகளின் முற்பகுதியில் வலிகாமத்துப் பாடசாலையொன்றில் நாம் தமிழ் கற்பித்தோம். மின்சாரம் இல்லை. தாளுக்குத் தட்டுப்பாடு. பத்திரிகையே கோடிட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். உயர்தர வகுப்பு மாணவர்கள் கையெழுத்துச் சஞ்சிகையொன்றை நடத்தினார்கள். இரண்டாவது பிரதி எழுதத் தாள் இல்லாததால் ஒரே பிரதிதான். எனவே வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் அதனை ஒருவர் உரத்து வாசிப்பார், ஏனையோர் கேட்பர். 1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமம் மக்கள் அனைவரும் இடம்பெயர்ந்தபோது அந்த ஒரே பிரதியும் எங்கோ தொலைந்தது. பல ஆண்டுகளின் பின்னர் ரொறன்ரோவிலிருந்து பழைய மாணவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். பேச்சினிடையே அச்சஞ்சிகையில் வந்த கதையொன்றின் முடிவை வரி பிசகாமல் சொன்னார். அக்கதையை எழுதியவர் அவரல்லர். கேட்டவர்களுள் ஒருவர். தாள் அழிந்தது, செவி காப்பாற்றியது.

அகதிகளாக ஐரோப்பாவுக்கு வந்த தொடக்க காலத்தில் எம்மவரிடம் இந்தப் பசி இருந்தது என்பதையும் பதிவு செய்தாக வேண்டும். ஜேர்மனியில் ‘தூண்டில்’, நோர்வேயில் ‘சுவடுகள்’, சுவிற்சர்லாந்தில் ‘மனிதம்’, பாரிஸில் ‘ஓசை’ எனச் சிற்றிதழ்கள் பல தோன்றின. உணவகங்களில் கோப்பை கழுவிவிட்டு வந்த கைகள் இரவிலே கவிதை எழுதின. 1988இல் மேற்கு ஜேர்மனியில் இலக்கியச் சந்திப்பு ஆரம்பமாகியது. நிரந்தரத் தலைவரோ நிர்வாகக் குழுவோ இல்லாமல், நகரம் நகரமாக நண்பர்கள் பொறுப்பேற்க அது தொடர்ந்தது. 2013இல் அதன் 40ஆவது சந்திப்பு இலண்டனிலும் 41ஆவது சந்திப்பு யாழ்ப்பாணத்திலும் நடைபெற்றன. இலண்டனில் இ. பத்மநாப ஐயர் அவர்களின் முயற்சியால் நியூஹாம் தமிழர் நலன்புரிச் சங்கம் ‘கிழக்கும் மேற்கும்’ (1997), ‘இன்னுமொரு காலடி’ (1998), ‘யுகம் மாறும்’ (1999), ‘கண்ணில் தெரியுது வானம்’ (2001) ஆகிய தொகுப்புகளை வெளியிட்டது. நாடு நாடாகச் சிதறிய எழுத்தாளர்கள் அத்தொகுப்புகளில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள்.

அப்படியானால் இன்னும் என்ன குறை என்று கேட்கலாம். சந்திப்புகள் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ. அங்கே செல்வோர் பெரும்பாலும் ஏற்கெனவே எழுதி அறிமுகமானோர். விவாதமும் ஆய்வும் அங்கு நிகழ்கின்றன. அவை தேவையே. ஆனால் கென்டனிலோ சவுத் ஹரோவிலோ இரவு வேலை முடிந்து வந்து, சமையலறை மேசையில் இரண்டு பக்கம் எழுதிப் பிறர் அறியாமல் மறைத்து வைக்கும் ஒருவருக்கு அந்தப் படி மிக உயரமானது. அவருக்கு முதலாவது படி வேண்டும்.

இந்நகரில் ஏனைய சமூகத்தவர் அந்தப் படியை எவ்வாறு கட்டினார்கள் என்பதைப் பார்ப்போம். எக்ஸைல்ட் ரைட்டர்ஸ் இங்க் என்னும் அமைப்பு 2000ஆம் ஆண்டில் ஜெனிபர் லாங்கரால் நிறுவப்பட்டது. தாய்நாட்டை விட்டு வெளியேற நேர்ந்த எழுத்தாளருக்காக, கொவென்ற் கார்டனிலுள்ள சிறிய கவிதைத் தேநீரகத்தில் மாதாந்த வாசிப்புகளை அது நடத்திவந்துள்ளது. அடுத்ததாக, 2001இல் மலிக்கா புக்கர் என்னும் பெண் கவிஞர், நண்பர் ரொஜர் ரொபின்சனுடன் சேர்ந்து, பிரிக்ஸ்ரனிலிருந்த தமது வீட்டுச் சமையலறையில் கவிஞர்களைக் கூட்டினார். ஒருவர் எழுதியதை மற்றவர் கேட்டுத் திருத்திக்கொள்வதே அக்கூட்டத்தின் வேலை. சமையலறையில் தொடங்கியதால் அதற்கு மலிக்காவின் கவிதைச் சமையலறை என்றே பெயர் நிலைத்தது. இடி அமீன் காலத்தில் தாயாருடன் உகண்டாவை விட்டு வெளியேறிய சிறுவனான நிக் மகோஹா பிற்காலத்தில் அந்தச் சமையலறைக் கவிஞருள் ஒருவரானார். ரொஜர் ரொபின்சனுக்கு 2019ஆம் ஆண்டுக்கான ரி. எஸ். எலியற் பரிசு கிடைத்தது. மலிக்கா புக்கர் 2020இல் போர்வேர்ட் பரிசைப் பெற்றார். பரிசுகளுக்காக இதனைச் சொல்லவில்லை. முதற் கூட்டத்துக்கும் இப்பரிசுகளுக்கும் இடையில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கடந்தன என்பதற்காகவே சொல்கின்றோம். இருபது ஆண்டுகளும் ஒருவரையொருவர் கேட்டிருக்கிறார்கள்.

இனி எமது தவறு ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சென்ற குளிர்காலத்தில் நாம் ஏழு பேர் ஹரோவில் நண்பர் ஒருவரின் வீட்டு முன்னறையில் மூன்று தடவை கூடினோம். முதல் நாள், கடையொன்றில் வேலை செய்யும் சகோதரி ஒருவர் கொப்பியொன்றைக் கொண்டுவந்தார். 2009இல் முகாமில் இருந்த நாள்களைப் பற்றி எழுதியிருந்தார். தண்ணீருக்காக வரிசையில் நின்ற ஒரு பகற்பொழுது, அவ்வளவுதான். வாசித்து முடித்ததும் அறையில் எவரும் அசையவில்லை. அந்த அமைதியை நாமே கலைத்தோம். முப்பது ஆண்டுப் பழக்கம் விடவில்லை. கொப்பியை வாங்கிப் பார்த்து, றகர ரகரப் பிழைகள் இரண்டையும் ஒருமை பன்மை மயக்கம் ஒன்றையும் எல்லோர் முன்னிலையிலும் சுட்டிக்காட்டினோம். அவர் புன்னகையுடன் கொப்பியை வாங்கிப் பையில் வைத்தார். இரண்டாம் தடவை அவர் வரவில்லை. மூன்றாம் தடவையும் வரவில்லை. எழுத்துப்பிழையை அச்சுக்குப் போகுமுன் எவரும் திருத்தலாம். அன்றைக்கு அவருக்குத் தேவைப்பட்டது வேறு. அவருடைய வரிசையில் நாமும் சிறிது நேரம் நின்றோம் என்பதை அவர் அறிந்துகொள்வதே தேவைப்பட்டது.

இரண்டாம் கூட்டத்தில் வேறொரு சிக்கல். ஒருவர் வாசித்த கதையில் வீட்டுக்குள்ளே அடிவாங்கும் மனைவி ஒருத்தி வந்தாள். கதை பாதியில் இருக்கும்போதே மூத்தவர் ஒருவர் குறுக்கிட்டு, எமது சமூகத்தைப் பற்றி வெளியார் என்ன நினைப்பார்கள் என்று கேட்டார். அந்த அறையில் வெளியார் எவரும் இருக்கவில்லை. இத்தகைய கேள்வி எமக்குப் புதிதன்று. இயக்கத்தைப் பற்றி, சாதியைப் பற்றி, சீதனத்தைப் பற்றி, கோயில் நிர்வாகத்தைப் பற்றி எழுதத் துணிந்த பலர் இக்கேள்வியால் பேனையை மூடி வைத்திருக்கின்றனர். ஒரு கதையோடு உடன்படாதிருக்க எவருக்கும் உரிமை உண்டு. அதனை இறுதிவரை கேட்காமல் நிறுத்தும் உரிமை எவருக்கும் இல்லை. வாசிப்பு அரங்கு ஒன்றின் தரம் அங்கே ஒலிக்கும் கரவொலியால் அளக்கப்படுவதில்லை. எமக்குப் பிடிக்காத ஒன்றை எவ்வளவு நேரம் அமைதியாகக் கேட்டோம் என்பதனாலேயே அளக்கப்படும்.

மூன்றாம் கூட்டத்தில், பல்கலைக்கழகத்தில் படிக்கும் இளைஞர் ஒருவர் தந்தையாருடன் வந்தார். அவர் எழுதியது ஆங்கிலத்தில். தமிழ் வாசிப்புக்கு ஆங்கிலமா என்று முணுமுணுப்பு எழுந்தது. ஆயினும் அவர் வாசித்தார். அப்பப்பாவின் இறுதிச் சடங்கில் தேவாரம் தெரியாமல் வாயசைத்து நின்றதைப் பற்றிய கவிதை. ஆங்கிலம் அதிகம் அறியாத தந்தையார் எமது பக்கம் திரும்பி, என்ன சொல்கிறான் என்று கேட்டார். நாம் தமிழில் சொன்னோம். தந்தையார் நீண்ட நேரம் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே வீட்டில் வாழும் இருவர், ஒருவர் துயரை மற்றவர் அறிந்துகொள்ள அயலார் வீட்டு முன்னறைக்கு வர வேண்டியிருந்தது.

ஆகவே மொழிபற்றி எமது கருத்து இதுவே. அரங்கின் மொழி தமிழ். ஆங்கிலத்தில் எழுதும் எமது பிள்ளைகளுக்கும் அங்கே கதிரை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் வாசிக்கப்படுவதன் சாரத்தைத் தமிழிலும், தமிழில் வாசிக்கப்படுவதன் சாரத்தை ஆங்கிலத்திலும் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டும். பழைய பயன் சொல்லும் முறைக்கு இதுவே புதிய வேலை. 1958இல் இலண்டனுக்கு வந்து நூலகராகப் பணியாற்றிய அ. சிவானந்தன், ‘வென் மெமரி டைஸ்’ என்னும் தமது முதல் நாவலை 1997இல் வெளியிட்டபோது அவருக்கு வயது 73. அது ஆங்கில நாவல். எனினும் அதன் உள்ளே இருப்பது இலங்கைத் தமிழரின் மூன்று தலைமுறைக் கதை. வளர்ந்துவரும் எழுத்தாளர் என்றால் இருபது வயதினர் என்று மட்டும் எண்ணுவோருக்கும், ஆங்கிலத்தில் எழுதுவது எமது எழுத்தாகாது என்போருக்கும் அவர் ஒருவரே போதிய விடை.

இனி நடைமுறைக்கு வருவோம். மாதத்தில் ஒரு குறித்த ஞாயிறு, குறித்த நேரம். நான்கு பேர், ஆளுக்குப் பத்து நிமிடம். நால்வருள் ஒருவராவது இதுவரை எங்கும் வாசிக்காதவராக இருத்தல் வேண்டும். பிரதம விருந்தினர் வேண்டாம். குத்துவிளக்கும் பொன்னாடையும் வேண்டாம். தலைமை தாங்குபவரின் வேலை நேரம் பார்ப்பதும் குறுக்கிடுவோரைத் தடுப்பதுமே. வாசித்து முடிந்ததும் கேட்டவர் ஒவ்வொருவரும் தம் மனத்தில் தங்கிய ஒன்றை மட்டும் முதலில் கூறட்டும். குறை கேட்க வாசித்தவர் விரும்பினால், அது அடுத்து. எழுத்துப்பிழை, அவர் கேட்டுக்கொண்டால் மாத்திரம், தனியே. வேலையின் காரணமாகவோ, குழந்தையின் காரணமாகவோ வர இயலாதவரின் எழுத்தை இன்னொருவர் வாசிக்கலாம். பெயரை வெளியிட அஞ்சுவோருக்கு அந்த வழி பாதுகாப்பாகவும் அமையும்.

இடம் எங்கே என்ற கேள்வி எழும். 2015இல் ஹரோ நகரசபை தனது நூலகங்களில் நான்கை மூடியது. அதன் பின்னர் நோர்த் ஹரோவில் அயலவர்களே தொண்டர்களாகச் சேர்ந்து சமூக நூலகமொன்றை நடத்த முன்வந்தார்கள். அவர்களால் ஒரு நூலகத்தையே நடத்த இயலுமானால், எம்மால் மாதத்துக்கு இரண்டு மணித்தியாலம் பதினைந்து கதிரைகளை வட்டமாகப் போட இயலாதா? சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் வகுப்பறை ஒன்று போதும். ஒரு வீட்டு முன்னறையும் போதும். 2011ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழைத் தமது முதன்மை மொழியாகக் குறிப்பிட்டோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பேரிடையே பதினைந்து செவிகள் இல்லை என்று நாம் நம்பவில்லை.

காலம் எமக்காகக் காத்திருப்பதில்லை. எம்மவர் ஒருவர் இறந்தால் முப்பத்தோராம் நாளில் நினைவு மலர் வெளியிடுகின்றோம். வழவழப்பான தாளில் வண்ணப் படங்களுடன் கல்வெட்டுப் பாடல்களும் இடம்பெறும். அண்மைக் காலங்களில் அம்மலர்களில் இன்னொன்றையும் காண்கின்றோம். அலுமாரியைத் துப்புரவு செய்யும்போது பிள்ளைகள் கண்டெடுத்த கொப்பிகளிலிருந்து ஒரு கவிதை, ஒரு நாட்குறிப்பு. அப்பா எழுதுவார் என்பதே எங்களுக்குத் தெரியாது என்று கீழே ஒரு குறிப்பு. அந்தக் குறிப்பை இனி ஒரு மலரிலாவது நாம் வாசிக்க நேரக்கூடாது.

எனவே வாசகர்களே, அலுமாரியில் இருப்பதை எடுங்கள். முடிந்த கதையாக இருக்க வேண்டியதில்லை. ஒரு பக்கம் போதும். எழுதாதவர்கள் வெறுங்கையுடன் வாருங்கள், கேட்பவர் இல்லாமல் இந்த அரங்கு இல்லை. முன்னறைக் கூட்டம் வரும் மாதத்திலிருந்து மீண்டும் தொடங்குகின்றது. எமது சிவப்புப் பேனையை வீட்டில் வைத்துவிட்டு வருவோம் என்று உறுதி கூறுகின்றோம். தண்ணீர் வரிசையைப் பற்றி எழுதிய அந்தச் சகோதரி இப்பத்திரிகையை வாசிப்பவர் என்று அறிகின்றோம். அம்மா, உங்கள் கதிரை அப்படியே இருக்கிறது. மிகுதியை வாசியுங்கள். இம்முறை நாம் கேட்போம்.